இன்னாசி வயலில் பூநாரைகள்

துடுப்பு வரப்பில் இடித்தது.

"இதுதாங்க ஃபாதர் எங்க வயலு," என்றாள் அடைக்கலமேரி. "இதுக்கு மேலதான் உக்காந்திருக்கீங்க."

கயாக் படகின் முன்னிருக்கையில் இருந்த ஃபாதர் இராஜாங்கம் குனிந்து பார்த்தார். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து மறுபடியும் பறவைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வேதாரண்யத்துப் பக்கம், காவிரித் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற கடைமடை. கஜா புயலில் கடலோரக் கரை உடைந்து உப்புத் தண்ணீர் ஏறியது. கோடையில் தண்ணீர் வற்றினாலும் உப்பு இறங்கவில்லை.

நிலம் ஃபாதரின் சபையுடையது. காலனி சனங்கள் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் வைத்தார்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிராசுதார்கள் பினாமி பேரில் நிலத்தை ஒளித்தார்கள். சபைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அறக்கட்டளை நிலத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு.

புயலுக்குப் பிறகு ஆள்கிற கட்சி வந்து பார்த்தது. ஆளப்போகிற கட்சியும் வந்து பார்த்தது. சபை நிலத்துக்குக் கவர்மெண்டு கரை போட முடியாது என்று இரண்டும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போயின.

உடைப்பை அடைத்து, மழைத் தண்ணீரை நிறுத்தி உப்பைக் கழுவி வடித்தால் வயல் மீண்டுவிடும். அடைப்பதா, கைகழுவுவதா என்று சபை இன்று சாயங்காலம் முடிவு செய்கிறது. நிலப் பொறுப்பு ஃபாதர் இராஜாங்கத்திடம். அவர் சொல்வதுதான் நடக்கும்.

கண்ணால் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது என்று காலனியில் அடித்துச் சொன்னவள் அடைக்கலமேரிதான்.

கயாக்கும் புயலோடு வந்ததுதான். இவர்கள் தார்ப்பாய் கேட்டார்கள். வெளிநாட்டுச் சபை ஒன்று மஞ்சள் நிறத்தில் இதை அனுப்பிவைத்தது. கோயில் கொட்டகையில் எலி குடியிருந்ததை அவள்தான் இழுத்துவந்து கழுவினாள்.

விலங்கியல் படித்தவள். காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். தை மாதம் வலசைப் பறவைகள் வந்து குவியும் என்பது அவளுக்காவது உறைத்திருக்க வேண்டும். போன சித்திரையிலேயே ஃபாதரை இழுத்துவந்திருந்தால், உப்புப் பூத்து வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்திருப்பார்.

பம்புசெட்டுக் கொட்டகையில் மிஞ்சிய கம்பத்தின்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து நின்றது.

"சிலுவை மாதிரியே நிக்குது பாரும்மா."

"ரெக்கை காயலைங்க ஃபாதர். அதான் நிக்குது."

அவர் சிரித்தார். "எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க."

அதற்கு அப்பால், அவள் அப்பா இன்னாசி நாற்று விடுகிற மேட்டு வயலில், பூநாரைகள் நின்றன. நூறோ இருநூறோ. தலையைக் கவிழ்த்து அப்பாவின் சேற்றை அலசிக்கொண்டிருந்தன.

ஃபாதர் துடுப்பை மடியில் வைத்தார். அவருடைய முதுகு குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தாள்.

"புயல்ல அடக்கம் பண்ணிப் பண்ணி எனக்கு ஜெபமே வராமப் போச்சும்மா. பூசை வைக்கிறேன், உள்ள ஒண்ணுமே இல்ல. இன்னைக்குத்தான்..." கண்ணைத் துடைத்தார். "அழிஞ்ச இடத்துல ஆண்டவர் எப்படி விருந்து வச்சிருக்காரு பாரு."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"இதை இப்படியே விட்டுடணும். யாரும் கைவைக்கக் கூடாது. சாயங்காலம் நான் பேசுறேன்."

"அப்ப நாங்க எங்கங்க ஃபாதர் போறது?"

"ஆண்டவர் வழி காட்டுவாரும்மா. உனக்கே இங்க ஒரு வேலை போட்டுத் தரலாம். வர்றவங்களுக்குப் பறவையைப் பத்திச் சொல்லணும். படிச்சிருக்கல்ல."

அவள் துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அறைந்தாள்.

பால்பிடித்த கதிரில் இறங்கும் குருவிகளைச் சின்ன வயதில் விரட்டிய குரல், அவளைக் கேட்காமலே தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஏய்... ஓ ஓ ஓய்!"

பூநாரைகள் ஒரேயடியாக எழுந்தன. மடங்கியிருந்த சிறகுகள் விரிய, வெள்ளையாக நின்றதெல்லாம் செக்கச்செவேலென்று ஆனது.

ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி வாய்விட்டு அழுதார்.

பறவைகள் அரைவட்டமடித்து, அதே வயலில் இறங்கின.

கரையில் காலனியே நின்றது. இன்னாசி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவந்து கயாக்கைப் பிடித்துக் கரைச் சேற்றுக்கு இழுத்தார். ஃபாதரின் கண்களைப் பார்த்தார். சட்டென்று திரும்பினார்.

"சாமி அழுதுட்டாரு!"

அது கூட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள்.

"தோத்திரம் சாமி. எங்க அழிவை நீங்க பாத்துட்டீங்க. அது போதும் எங்களுக்கு," என்றார் இன்னாசி.

"ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டாரு," என்றார் ஃபாதர். பொய்யில்லாமல்தான் சொன்னார்.

இன்னாசி, இறங்கி நின்ற மகளிடம் குனிந்தார். முகமெல்லாம் பல். "உடைப்புல மண்ணடிக்க டிராக்டருக்குச் சொல்லிடலாமா புள்ள?"

"அவரு அழுதது நமக்கில்லப்பா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

முழங்காலிட்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள்.

"சாமிய வச்சிக்கிட்டு என்ன பேச்சு இது? படிக்க வச்சதுக்கு இதுதானா?" இன்னாசியின் கை அவள் பிடரியைப் பிடித்து அழுத்தியது. "முட்டி போடுடி."

உப்புச் சேறு முழங்காலில் சில்லிட்டது.

ஃபாதரின் கை முதலில் அவள் தலைமேல்தான் வந்தது. சந்தோஷம் வழியும் கண் இன்னும் பூநாரைகள்மேலேயே இருந்தது.