வினாடிக்கு முந்நூற்றுப் பத்து

என் குரல் மெலிசு. நாற்பத்தொரு வயதிலும் போனை எடுத்தால், "பாப்பா, அம்மாகிட்ட குடு" என்பார்கள். சிரித்துவிடுவேன். வாடகைப் பதிவு அலுவலகத்தில் சிரிப்பு வரவில்லை.

குரலை வைத்து வயதைக் கணிக்கும் பட்டையைக் கழுத்தில் கட்டி "ஆ" சொல்லச் சொன்னார்கள். என் குரல்நாண்கள் வினாடிக்கு முந்நூற்றுப் பத்து முறை அதிர்ந்தன. திரையில் 'குழந்தை' என்று வந்தது.

"பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் உங்க பேர்ல வீடு பதிய முடியும்," என்றார் எழுத்தர்.

"சார், என் நரை தெரியலையா? இது என் பொண்ணு சார்!"

"நரையெல்லாம் இப்ப செல்லாதும்மா. கார்டியன் சம்மதிச்சா குரலைத் தடிமனாக்க ஊசி போடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

பக்கத்தில் நின்ற என் மகள் மகிழினிக்கு எட்டு வயது. மூன்று நாள் கோ-கோ விளையாட்டுப் போட்டியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என் கழுத்துப் பட்டையைக் கழற்றித் தானே கட்டிக்கொண்டு "ஆ" என்றாள். நூற்றுத் தொண்ணூறு. திரையில் 'பெரியவர்'.

எழுத்தர் திரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அது மாறவில்லை. கடைசியில் அவளிடமே கேட்டார்.

"ஊசிக்குச் சம்மதமா... மேடம்?"

"முடியாது," என்றாள் கரகரவென்று. "எங்கம்மா இந்தக் குரல்லதான் என்னைத் திட்டணும். கையெழுத்து எங்க போடணும்?"

அவர் என்னைப் பார்த்தார். என் முந்நூற்றுப் பத்திலேயே சொன்னேன்:

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? பெரியவங்க கேக்குறாங்கல்ல, பேனாவைக் குடுங்க."