கரண்டை நிறுத்தும் குரல்

தான் உச்சத்தில் ஏறிப் பாடினால் நாலு மாடிக் கட்டடத்துக்கே கரண்ட் போய்விடும் என்று மாமனார் சொன்னார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் எலக்ட்ரீஷியன்.

"நேத்து லிஃப்ட்டே பாதியில நின்னுடுச்சு மாப்ள. உள்ள மாட்டிக்கிட்டவர் வெளிய வந்ததும் நேரா என்கிட்ட வந்து கை கொடுத்தார்னா பாருங்களேன்."

மாமனார் ரிட்டயரான கண்டக்டர். வாழ்நாள் முழுக்க, 'உள்ள போ, உள்ள போ' என்று கத்திப் பழுத்த தொண்டை. அந்தத் தொண்டைக்குக் கட்டடமே இடிந்து விழுந்தது என்றால்கூட நம்பலாம். கரண்ட் மட்டும் போகாது.

கரண்ட் போகிறதென்றால் எங்கோ ஈரம் பட்டுக் கசிகிறது. இந்தக் கட்டடத்துக்குக் கீழே ஒரே ஒரு ட்ரிப் சுவிட்ச். எந்த வீட்டில் கசிந்தாலும் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

மாப்பிள்ளையை அனுப்பியது அவர் மனைவி.

"அந்தப் பெரிய ஸ்பீக்கரை அப்பா மறுபடி பாத்ரூமுக்குள்ள கொண்டு போறார். எனக்குத் தெரியும். அது மட்டும் நிஜமா இருந்தா, பெட்டியக் கட்டிக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க. அம்மாவைப் பறிகொடுத்ததே போதும்."

பெட்டி விஷயம் மாமனாருக்கும் தெரியும். மகள் வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் அங்கே வாய்விட்டுத் தும்மினால்கூட நாலு பேர் நலம் விசாரிப்பார்கள், பாட்டுக்கு எங்கே போவது என்பது அவர் கட்சி.

மகள் வாங்கிக் கொடுத்த பேட்டரி ஸ்பீக்கர், குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தெறிக்காத இடத்திலும் ஆவி புகுந்துவிடும், அதனால் வெளியே வைத்தே கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தது மாப்பிள்ளைதான்.

மாமனார் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தார். அதுதான் சந்தேகமாக இருந்தது.

ஹால் அலமாரியில், பெரிய ஸ்பீக்கர் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சதுரம்.

"அது எங்க மாமா?"

"ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்."

"எந்தக் கடை?"

"அந்தக் கடைய மூடிட்டாங்க."

"ஸ்பீக்கரோடயா?"

"உள்ள வச்சுத்தான் பூட்டினாங்கன்னு பேச்சு."

முழுப் பூசணிக்காயை மறைக்க மாமனார் ரெண்டு பருக்கைச் சோறுகூட வைக்கவில்லை.

மாப்பிள்ளை குளியலறையைச் சல்லடை போட்டுச் சலித்தார். வாளியைக் கவிழ்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஹீட்டரைத் தட்டினார். ஒயர் இல்லை, ப்ளக் இல்லை. மேலே வெண்டிலேட்டரின் கண்ணாடிகள் மூடியிருந்தன.

"சரி. பாடுங்க மாமா. நான் வெளிய நிக்கிறேன்."

மாமனார் துண்டோடு உள்ளே போய்த் தாழ் போட்டார். வெந்நீர் விழுந்தது. ஒரு யானையைக் கொண்டு நிறுத்தினால் அவிந்து வெளியே வரும், அவ்வளவு ஆவி. கதவிடுக்கில் புகைந்தது.

அப்புறம் உள்ளே வயலின் கேட்டது.

மாப்பிள்ளை ஸ்டூலைப் பார்த்தார். பேட்டரி ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. உள்ளே வயலினோடு தபேலா சேர்ந்தது. அதன் மேல் மாமனார் ஏறினார்.

"மாமா! கதவத் திறங்க! எதையும் தொடாதீங்க!"

மாமனார் உச்சத்தைத் தொட்டார்.

ஃபேன் நின்றது. மாடி மாடியாக, "மறுபடியுமா!" என்று குரல்கள் எழுந்தன.

கதவு திறந்தது. இடுப்புத் துண்டோடு, போரில் வென்ற ராஜா மாதிரி மாமனார். "இப்ப என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை அவரை விலக்கிவிட்டு உள்ளே பாய்ந்தார். ஸ்பீக்கர் இல்லை. ஆனால் வெண்டிலேட்டர் இப்போது திறந்திருந்தது. ஆவியெல்லாம் வரிசையில் நின்று அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

வாளியைக் கவிழ்த்து மேலே ஏறினார்.

வெளியே, குழாய்கள் இறங்கும் குறுகலான சந்து. கைக்கெட்டும் தூரத்தில் எதிர் வீட்டுக் குளியலறை வெண்டிலேட்டர். அதன் விளிம்பில், முகம் இந்தப் பக்கம் திரும்பி, சொட்டச் சொட்ட நனைந்து, பெரிய ஸ்பீக்கர். ஒயர் அந்த வீட்டுக்குள் போனது.

"என் பாத்ரூம்ல வைக்கக் கூடாதுன்னுதானே உங்க வீட்டுக்காரி சொன்னா?" கீழே மாமனாரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வைக்கலையே."

எதிர் வீட்டில் ரிட்டயரான நர்ஸம்மா தனியாக இருக்கிறார். படிக்கட்டில் மாமனார் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே போகிறவர்.

"என்னங்க, சரணத்துலயே நிறுத்திட்டீங்க?"

சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அந்த 'என்னங்க'வில் ஒரு இழுப்பு இருந்தது. மாப்பிள்ளை அந்த இழுப்பைத் தன் வீட்டில் தவிர வேறெங்கும் கேட்டதில்லை.

வாளியிலிருந்து இறங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு கட்டிங் பிளேயரையும் பேட்டரி ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். நர்ஸம்மா தலையைக் குனிந்தபடி வழி விட்டார். மாப்பிள்ளை நேராகக் குளியலறைக்குப் போனார். ப்ளக்கைப் பிடுங்கினார். இனி யாரும் சொருக முடியாதபடி ஒயரை அடியோடு நறுக்கினார். பேட்டரி ஸ்பீக்கரை நர்ஸம்மாவின் குளியலறைக்கு வெளியே, ஆவி எட்டாத அலமாரியில், வெண்டிலேட்டரைப் பார்த்து வைத்து முடுக்கினார்.

"கேக்குதா மாமா?"

"நல்லாக் கேக்குது மாப்ள," என்று சந்து வழியாகப் பதில் வந்தது.

மாப்பிள்ளையின் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கண்டுபிடிச்சீங்களா? அப்பா பாத்ரூம்ல ஸ்பீக்கர் இருந்துதா?"

"இல்ல."

"பின்ன எப்படிக் கரண்ட் போகுது?"

நர்ஸம்மா ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். சந்துக்கு அந்தப் பக்கம், வெண்டிலேட்டரில் மாமனாரின் தலை முளைத்தது.

"உங்கப்பா சொன்னது நிஜம்தான்," என்றார் மாப்பிள்ளை. "உச்சத்துக்குப் போனார், கரண்ட் போச்சு. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."