பெரிய மாப்பிள்ளையின் பவர் பரீட்சை

பெரிய மாப்பிள்ளை திருடுவதென்று முடிவெடுத்ததற்குப் பணத்தாசை காரணமில்லை. ஒரு நாற்காலிதான் காரணம்.

மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த தெருவில் கிளை திறக்கப் போகிறார்கள். அங்கே போடவிருக்கும் சுழல் நாற்காலியில், கண்ணாடித் தொழில் பரீட்சை தேறியவர்தான் உட்காரலாம். சின்ன மாப்பிள்ளை, அதாவது சகலை, முதல் தடவையிலேயே தேறியவர். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவார். பெரியவர் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கவிழ்ந்தவர். எட்டு வருடமாக ஃபிரேம் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால், இனி சகலைக்குக் கீழே நின்று துடைக்க வேண்டும்.

"இது மூணாவது தடவை. இதுலயும் தேறலைன்னா கிளை சின்னவருக்குத்தான். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது மாப்பிள்ளை" என்றார் மாமனார். கழுத்தில் கத்தியை வைக்கும்போதும் மரியாதை குறையாத மனிதர்.

சனிக்கிழமை மதியம், பயிற்சி நிலையத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பெரியவர், பாடம் எடுக்கும் மேடத்தின் அறைக்குள் நுழைந்தார். அலமாரிச் சாவி அலமாரியிலேயே தொங்கியது. கேள்வித்தாள் கட்டு ஒட்டி முத்திரை வைத்த உறைக்குள் பத்திரமாக இருந்தது. விடைகள் எழுதிய தாளோ ஒரு ஃபைலில் சும்மா கிடந்தது. பெரியவருக்கு ஏமாற்றமே இல்லை. கேள்வியைத் திருடினால் பதிலுக்கு நாயாய் அலைய வேண்டும். பதிலே கிடைத்த பிறகு கேள்வி எதற்கு? செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்தார். தலைகீழாக வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மொத்தம் இருபது விடைகள், இருபதும் கண்ணாடிப் பவர்கள். அப்படியே எழுதினால் குட்டு உடைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வகுப்பில் மண்டு என்று பேரெடுத்தவன் மேடத்தின் விடைத்தாளை வரிக்கு வரி ஒப்பித்தால் எந்த மேடத்துக்கும் சந்தேகம் வரும். அப்போதுதான் அந்த அபார யோசனை உதித்தது.

மூன்று எண்களாகக் குறிக்கும் ஒரே பவரை இரண்டு முறையில் எழுதலாம். சில டாக்டர்கள் பிளஸ்ஸில் எழுதுவார்கள், லென்ஸ் செய்பவர்கள் மைனஸில் கேட்பார்கள். முதல் எண்ணோடு இரண்டாவதைக் கூட்டி, இரண்டாவதன் குறியை மாற்றி, மூன்றாவதாக உள்ள கோணத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. எழுத்து வேறாகிவிடும், லென்ஸ் அதேதான். விடை சரியாகவும் இருக்கும், மேடம் எழுதியது மாதிரியும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி எட்டிப் பார்த்தபோது பெரியவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நிஜமாவே படிக்கிறீங்களா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"கணக்குப் போட்டுட்டு இருக்கேன். தொந்தரவு பண்ணாதே, போ."

'பிளஸ் ஒன்று, பிளஸ் ஒன்று, தொண்ணூறு' என்றிருந்த முதல் விடை, 'பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, நூற்று எண்பது' ஆயிற்று. இரண்டு வருட வகுப்பில் மண்டையில் ஏறாதது, களவு என்றதும் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. இருபதையும் மாற்றி, சரிபார்த்து, மனப்பாடமும் செய்தார். சந்தேகம் வராமலிருக்க வேண்டுமென்றே இரண்டு தப்பு விடலாமா என்றுகூட யோசித்தார். ஏற்கெனவே இரண்டு தடவை அந்த வேலையைத்தான் செய்திருக்கிறோம், போதும் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பரீட்சையில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும், அதைக் கவிழ்த்து அட்டைக்கு அடியில் வைத்தார். பார்த்தால் மனப்பாடம் கலைந்துவிடும். நடுநடுவே நெற்றியைச் சுருக்கினார், மோட்டுவளையைப் பார்த்தார். அசல் மாணவர்கள்கூட அவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். இருபது வரிகளையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். ரிசல்ட் கேட்க வந்த மாமனாரும் அறையில் இருந்தார். மேஜைமேல் அந்த ஃபைலைப் பார்த்ததும் பெரியவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"சனிக்கிழமை யாரோ என் அலமாரியைத் திறந்து விடைத்தாளைப் பார்த்திருக்காங்க" என்றார் மேடம். "ஃபைல் தலைகீழா இருந்துச்சு. பரீட்சை எழுதின பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்தான்."

"ஐயையோ, அப்படியா மேடம்?" என்றார் பெரியவர், ஃபைல் இருந்த பக்கம் திரும்பாமல்.

மாமனார் பதறிப்போனார். "எங்க மாப்பிள்ளை மேல ஏதாவது சந்தேகமா?"

"சேச்சே! வேற யாரா வேணா இருக்கலாம், இவர் மட்டும் கிடையாது. சத்தியமே பண்ணுவேன். இவர் எழுதின பேப்பரே அதுக்குச் சாட்சி."

பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுழல் நாற்காலி கண்ணெதிரே ஒரு சுற்றுச் சுற்றியது.

"மார்க் எவ்வளவு மேடம்?" என்றார் அடக்கமாக.

"பூஜ்யம்."

மேடம் கேள்வித்தாளையும் அவருடைய விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமனார் பக்கம் தள்ளினார். கேள்வித்தாளின் தலைப்பில், 'கீழ்க்கண்ட இருபது பவர்களையும் மற்ற முறைக்கு மாற்றி எழுதுக' என்றிருந்தது. அதற்குக் கீழே முதல் கேள்வி: பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, நூற்று எண்பது.

மாமனார் இரண்டு தாள்களையும் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன் மாப்பிள்ளை, கேள்வித்தாளைப் பார்த்து அப்படியே எழுதி வைக்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?"

பவரை மாற்றி எழுதுவதில் தான் ஞாயிற்றுக்கிழமையே இருபதுக்கு இருபது வாங்கியாகிவிட்டது என்பதை நிரூபிக்க, பெரியவர் ஒரே ஒரு திருட்டை ஒப்புக்கொண்டால் போதும்.