முட்டியின் வெளிப்பக்கம்

டாக்டரின் விரல் முட்டியின் வெளிப்பக்கத்தை அழுத்தியதும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"இங்கதானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள்.

முட்டி உருண்டு வீங்கியிருந்தது. டாக்டர் அவள் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். கால்விரல்களை அசைக்கச் சொன்னார். அசைந்தன. காலை ஊன்றத்தான் முடியவில்லை.

"பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க டாக்டர்."

மகன் பூபதி. அவள் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

அவன்தான் அவளை இரு கைகளாலும் அள்ளிக் காரில் கிடத்தினான். வழியெல்லாம் அழுதான். ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னான்.

எக்ஸ்ரே வந்தது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முட்டிக்குக் கீழே, காலெலும்பின் மேல்முனை, வெளிப்பக்கம் மட்டும் உடைந்து அமுங்கியிருந்தது.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

பூபதி அம்மாவைப் பார்த்தான். தயங்கினான். போனான்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இது வழுக்கி விழுந்த மாதிரி தெரியலைங்க. பக்கவாட்டுல ஏதோ பலமா இடிச்சிருக்கு. கார் பம்பர் இந்த உயரந்தான் இருக்கும்."

அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டைத் தொறக்கப் போனனுங்க. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். அப்படியே வண்டியப் பின்னால எடுத்துட்டான்."

"நீங்க நின்னதை அவர் கவனிக்கலையா?"

பள்ளிக்கூடத்தில், அவன் அப்பாவிடம், பெண் கேட்டுப் போன வீட்டில், அவனுக்காக எவ்வளவோ பொய் சொன்னவள்தான். இன்னொன்றும் நாக்கின் நுனி வரை வந்தது.

வந்து நின்றுவிட்டது.

"திரும்பிப் பார்த்தா, வண்டிக் கண்ணாடியில அவன் கண்ணு தெரிஞ்சுதுங்க. என்னையத்தான் பார்த்துட்டிருந்தான்."



கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"அம்மா, தண்ணி கொண்டாரட்டுமா?"

பூபதியின் குரல். அழுது அழுது கரகரத்திருந்தது.

அவளுக்குத் தொண்டை வறண்டுதான் கிடந்தது.

டாக்டர் கதவைத் திறக்க எழுந்தார்.

அவள் எட்டி, அவருடைய வெள்ளைக் கோட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

விடவில்லை.