நாலு குற்றம், ஒரு ஜாக்கி

பந்தயத்தில் முதலாவதாக வந்தவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் குதிரையிலிருந்து இறக்கினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் அருள்ராஜ் கோப்பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

துறையூர் ரோட்டில் ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் குதிரைப் பந்தயத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. தாறுமாறாக ஓட்டும் ஒரே ஒரு ஜாக்கியைத் தண்டிக்காமல் விட்டால்கூட அடுத்த வருஷம் பந்தயமே கிடையாது என்று இன்ஸ்பெக்டர் விஜயராணி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். இப்போது பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெயர் கேட்டதற்கு இம்தியாஸ் என்றான். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கேட்டா மட்டும் பேசுங்க தம்பி" என்று அருள்ராஜ் அடக்கிவிட்டார்.

செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். பாதி தூரம் வரை ஆளையே காணோம். அப்புறம் எங்கிருந்தோ நடுவில் புகுந்தான், மூன்று குதிரைகளுக்குக் குறுக்கே வெட்டினான், முன்னால் போய்க்கொண்டிருந்த வீரமலையைக் குதிரையோடு வாழைத்தோப்புக்குள் அனுப்பி வைத்தான்.

தலையில் வாழைச் சருகோடு வந்து நின்ற வீரமலை, இவன் ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தி, கூட ஓட்டியவர்களை எல்லாம் மிரட்டியதாகச் சாட்சி சொன்னார். இரண்டாவது குற்றம். முதுகில் நம்பர் துணி இல்லை. அடையாளம் தெரியக்கூடாதென்று கழற்றி எறிந்திருக்கிறான், மூன்று. கிட்டப் போய் மோந்து பார்த்தால் அத்தர் கமகமவென்று அடித்தது. வேறு ஏதோ வாடையை மறைக்கத்தான் என்று அதையும் நாலாவதாக எழுதிக்கொண்டார் அருள்ராஜ்.

ஆனாலும் பந்தயப் பைத்தியம் மனசுக்குள் கிடந்து துள்ளியது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டிப் படுத்து அவன் பறந்து வந்த அழகு இருக்கிறதே! பெங்களூர் ரேஸில் ஓட்டியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஒரு மரியாதையே வந்துவிட்டது.

மரியாதை வேறு, அனுமதி வேறு. முதல் பரிசு ரத்து, ஐந்து வருஷத்துக்கு இவன் எந்தக் குதிரை மேலும் ஏறக்கூடாது என்று மைக்கில் தீர்ப்பு சொன்னார். விஜயராணி திருப்தியாகத் தலையை ஆட்டினார். கூட்டம் விசிலடித்தது.

இம்தியாஸின் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வருஷம் என்ன, ஆயுசுக்கும் ஏற மாட்டேன் என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான்.

விஜயராணிக்கு எரிச்சலாக வந்தது. "தண்டனை குடுத்தா சிரிக்கிறீங்க. எதுக்கு அப்படி ஓட்டுனீங்க? இப்பச் சொல்லுங்க."

"நான் மாப்பிள்ளைங்க மேடம். குதிரை கல்யாண மண்டபத்துல நிக்கலை."