மூன்று முறை கேட்ட கேள்வி

"தலையாட்டாதீங்கம்மா! நீங்க ஆட்டினா அவளும் சேர்ந்து ஆட்டுவா. அப்புறம் அது உங்க முடிவு, அவ முடிவு இல்ல."

பயிற்சியாளர் அதட்டியதும் அம்மா கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டாள். எதிரே பத்தொன்பது வயது மகள், மேசை விளிம்பை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தைக்கு மேல் கோத்துப் பேச வராது அவளுக்கு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தாங்களே முடிவெடுக்கத் துணையிருப்பது எப்படி என்று குடும்பத்தாருக்குச் சொல்லித்தரும் வகுப்பு அது. இரண்டு நாளாகப் பாலா, பழச்சாறா, சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்று கேட்டுப் பழகியாயிற்று. இன்று தூக்கத்தைக் கெடுக்கிற நிஜ விஷயம் ஒன்றைக் கேட்க வேண்டும்.

மற்றவர்கள் பல் பிடுங்குவது, வீடு மாறுவது என்று கொண்டுவந்திருந்தார்கள். இவள் கொண்டுவந்தது மகளின் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன்.

"மாசாமாசம் அவளப் பாத்துக்க முடியாது, எடுத்துட்டா நிம்மதின்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க டீச்சர். டாக்டரும் சரின்னுட்டாரு."

"உங்களுக்காவது இவளக் கேக்கணும்னு தோணுச்சே! முக்காவாசிப் பேரு கேக்கறதே இல்ல."

அம்மா குனிந்து பையைத் திறந்தாள். முதல் படத்தை மேசையில் வைத்தாள். ஒரு கட்டில், அதன்மேல் பெரிய விளக்கு. அவ்வளவுதான் படம். மகள் சட்டென்று அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படுறா. அவசரப்படாம சொல்லுங்க," என்றார் பயிற்சியாளர்.

அடுத்தது குழந்தைப் படம். "இந்த ஆபரேஷன் பண்ணா மாசாமாசம் ரத்தம் வராது கண்ணு. ஆனா உனக்குப் பாப்பா பொறக்காது. எப்பவுமே பொறக்காது." அம்மா இரண்டு அட்டைகளை மகள் முன் வைத்தாள். "பண்ணலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

பச்சை அட்டை சரி, சிவப்பு அட்டை வேண்டாம். பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது வகுப்பின் சட்டம். பெற்றவளுக்கு அந்தப் பத்தை எண்ணி முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது.

மகள் சிவப்பை எடுத்தாள்.

"அட்டைய இடம் மாத்தி வைங்க. சில பேரு கைக்குப் பக்கத்துல இருக்கறதையே எடுப்பாங்க."

மாற்றி வைத்துக் கேட்டாள். மறுபடியும் சிவப்பு.

மூன்றாம் முறை பயிற்சியாளரே சிவப்பு அட்டையை மேசையின் கோடியில் கொண்டுபோய் வைத்தார். மகள் எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, சுற்றிப்போய் அதை எடுத்துவந்தாள். குழந்தைப் படத்தையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அம்மா அதை வாங்கக் கை நீட்டினாள்.

"தர மாட்டேன்!"

அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சியாளருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

"இதவிடத் தெளிவா நான்கூட சொல்ல மாட்டேன்! நாளைக்கே டாக்டர்கிட்ட போயி சொல்லிடுங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஏம்மா அழறீங்க? எல்லாத்தையும் சரியாத்தான கேட்டீங்க?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன் டீச்சர்... ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு."