சுவரில் சொறிமீன்கள்

வலையை உதறும்போது தெறித்த சொறிமீன், மரியானின் இரண்டு கண்ணிலும் அப்பித் தீயாய் எரித்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில், மூடிய கதவுக்குள் அவன் அலறிக்கொண்டிருந்தான். வெளியே ஏசி ஓடும் கூடத்தில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி பிலோமினாள் தற்செயலாக நிமிர்ந்தாள். சுவர் முழுக்கச் சொறிமீன்கள். தங்க நிறச் சட்டங்களுக்குள், சுருக்கு வைத்த பட்டுப் பாவாடைகளைப் போல விரிந்து கிடந்தன.

"எவன் இதை மாட்டுனது?"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க வரைஞ்ச ஜெல்லிமீன் படம்க்கா," என்றாள் மேசையில் இருந்த பெண். "பாத்தா மனசு அமைதியாகும்னு டாக்டரே தேடித் தேடி வாங்கினாரு."

"அமைதியா?"

பிலோமினாளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அந்தப் பெண் கத்தக் கத்த, ஒரு படம் விடாமல் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

டாக்டர் வெளியே வந்தார். தன் படங்களின் முதுகைப் பார்த்தார். ஆனாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

"எந்தச் சொறிம்மா பட்டது? அது தெரியணும்."

அவள் மறுபடி நாற்காலியில் ஏறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நீலக் குடைக்குக் கீழே நூல்நூலாகத் தொங்கியதைக் கண்டதும் சட்டத்தோடு பிடுங்கினாள்.

"இந்தா, இவதான்."

"இதுவா? இருக்கறதுலயே அழகு இதுதான்னு..." டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க டாக்டரே. உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே."